இனிஷியலோட கூப்பிடாதீங்க

எங்க ஆவாரம்பேட்டையில பவுன்தாய் பெத்த ரெண்டு பிள்ளைகளையும் இனிஷியலோட சேத்துக் கூப்பிட்டா கன்னத்துல அடி விழும். அடிக்கிற கை கண்ணுக்குத் தெரியாது, சத்தம் கேக்கும், அஞ்சு விரலும் பதியும். இத வெளியூர்க்காரங்ககிட்டச் சொன்னா வாயப் பொளக்குறாங்க. எங்களுக்கு ஒரு வாரத்துல பழகிப்போச்சு. பழகிப்போனதுதான் இந்தக் கதையிலயே பெரிய அசிங்கம், அத மொதல்லயே சொல்லிப்புடுறேன்.

என் பேரு தவசி. பஜார்ல இருக்கிற எவர்சில்வர் பாத்திரக்கடையில சாமான் எடுத்துக் காட்டுற ஆளு. பவுன்தாய் அதே கடை வாசல்ல ஸ்டூல் போட்டு, மடியில பாத்திரத்தக் கவுத்தி வச்சுக்கிட்டு, சின்ன மெஷினால பேரு வெட்டுறவ. கல்யாணமோ சடங்கோ பால்காய்ப்போ, எதுக்குப் பாத்திரம் எடுத்தாலும் எங்க பக்கம் பேரு வெட்டாமக் குடுக்க மாட்டாங்க. குடம்னா ஊரு, தெரு, அன்பளிப்பு எல்லாம் ஏறும், கரண்டின்னா இனிஷியலும் பேரும் மட்டும் ஏறும், ஆனா இனிஷியல் இல்லாம வெட்டச் சொல்லி ஒருத்தரும் வந்ததில்ல. யாரு வீட்டுப் பிள்ளைன்னு தெரியாத பேரு ஒரு பேரான்னு கேப்பாங்க.

அவ புருசன் கொம்பையா லாரிப் பட்டறையில சம்மட்டி அடிக்கிற ஆளு, ஊருக்குள்ளயும் அவனுக்குச் சம்மட்டின்னுதான் பேரு. பட்டறையில இரும்ப அடிச்சான், வீட்டுக்கு வந்து பொண்டாட்டிய அடிச்சான், சோத்துல கல்லு கெடந்தா அடிச்சான், கல்லு கெடக்கலேன்னாலும் அடிச்சான், உன் இனிஷியல் என்னப்பான்னு வெள்ளந்தியாக் கேட்ட ஒரு வெளியூர் லோடுமேன ஸ்பானரால அடிச்சான், ஏன்னு எங்களுக்கு அப்பப் புரியல. மூத்தவ ரோஷிணிக்கு எட்டு வயசா இருக்கும்போது அந்தப் பிள்ளையோட மணிக்கட்ட முறிச்சான். அன்னைக்குத்தான் பவுன்தாய் அவளையும், ஆறு வயசு முகிலனையும், தன் கல்யாணத்துக்குப் போட்ட பித்தளை அண்டாவையும் தூக்கிக்கிட்டு வடக்குத் தெரு லைன் வீட்டுக்குக் குடி வந்தா. தேடி வந்தவன வடக்குத் தெருப் பொம்பளைக அருவாமனையோட நின்னு வெரட்டிவிட்டாக. அதுக்கப்பறம் அவன் வரல, அவன் பேருதான் வந்துச்சு.

மூணாம் நாள் பள்ளிக்கூடத்துல ஞானதுரை சார் வருகைப் பதிவ விரிச்சு, கண்ணாடிய நெத்தியில ஏத்தி, "கொ. ரோஷிணி"ன்னாரு. உள்ளேன் ஐயான்னு எந்திரிச்ச பிள்ளைக்குப் பளார்னு விழுந்ததுல பெஞ்சு மேல போய்ச் சரிஞ்சா. வெளங்காம சார், ஏம்மா கொ. ரோஷிணி என்னாச்சுன்னு மறுபடி கேக்க, மறு கன்னத்துலயும் விழுந்துச்சு. அதே நேரம் பைக்குள்ள இருந்த டிபன் பாக்ஸ் டங்கு டங்குன்னு ரெண்டு தடவ சத்தம் போட்டுச்சு. எடுத்துப் பாத்தா, அவ அம்மா ஆசையாப் பேரு வெட்டிக் குடுத்த எடத்துல ரெண்டு பள்ளம். ரெண்டாங் கிளாஸ்ல முகிலனுக்கும் இதே கதைதான். கொம்பையா எங்கடா இருக்கான்னு ஆளு விட்டுப் பாத்தோம். பட்டறை வாசல்ல உக்காந்து பஜ்ஜி தின்னுக்கிட்டு இருந்தான், கையெல்லாம் எண்ணெயின்னு போனவன் வந்து சொன்னான். பிள்ளைக கன்னத்துலயும் எண்ணெய் இருந்துச்சு.

மொத நாள் ஊரே அழுதுச்சு. ரெண்டாம் நாள் கோடாங்கிகிட்டப் போச்சு, அவரு எலுமிச்சம்பழத்த அறுத்துப் பாத்துட்டு, இது பேய் இல்லப்பா, தகப்பன், பேய்னா வெரட்டிருவேன், தகப்பன வெரட்ட எனக்கு அதிகாரம் கிடையாதுன்னு பழத்தப் பிழிஞ்சு சர்பத் போட்டுக் குடிச்சுட்டாரு. மூணாம் நாள்ல இருந்து ஊரு தன் பாட்டுக்கு ஒரு ஒழுங்க உண்டாக்கிக்கிச்சு. எழுதலாம், மனசுக்குள்ள வாசிக்கலாம், வாய்விட்டு இனிஷியலும் பேரும் சேந்து வந்தாத்தான் அடி விழும்னு தெரிஞ்சதும், ரேஷன் கடைக்காரரு கார்டத் தலைக்கு மேல தூக்கிக் காட்டுனாரு, ஆஸ்பத்திரி நர்சம்மா சீட்டுல எழுதி நீட்டுனாக, பூசாரி நட்சத்திரத்த மட்டும் கேட்டு அர்ச்சனை பண்ணுனாரு.

அது நல்லவங்க ஒழுங்கு. கெட்டவங்களுக்கும் ஒரு ஒழுங்கு இருந்துச்சு, அதுலதான் நாங்க பாதிப்பேரு இருந்தோம். கோலி வெளையாட்டுல தோத்த பய, தூரமா ஓடிப் போய் நின்னுக்கிட்டு முகிலன் பேர இனிஷியலோட கத்துவான். தண்ணிக் குழாயில பவுன்தாய் கூடச் சண்ட போட்டவ, அவகிட்ட மல்லுக்கட்ட மாட்டாம, லைன் வீட்டப் பாத்துப் பிள்ளைக பேரச் சொல்லிட்டுக் கொடத்த எடுத்துக்கிட்டுப் போவா. பிரம்பு எடுக்கக் கூடாதுன்னு உத்தரவு வந்ததுல இருந்து கை அரிச்சுக்கிட்டுக் கெடந்த ஞானதுரை சாரு, வீட்டுப்பாடம் எழுதாத அன்னைக்கு முழுப்பேரச் சொல்லுவாரு, கேட்டா நான் தொடக்கூட இல்லையே, பேரத்தான சொன்னேன்பாரு. விருந்தாடி வந்தவங்க வேடிக்க பாக்கன்னு கூப்பிட்டுப் பாத்துட்டு, பாவம்னு பிஸ்கட் வாங்கிக் குடுத்துட்டுப் போவாங்க. வாய் வார்த்தைதான, அதுல என்ன பாவம்னு எல்லாரும் அவங்கவங்க வீட்டுல நிம்மதியாப் படுத்துத் தூங்குனோம்.

நானும் ஒரு தடவ கூப்பிட்டேன். முகிலனுக்குப் பத்து வயசு, கடைக்குள்ள ஓடி வந்தவன் கைபட்டு அஞ்சடிக் குத்துவிளக்கு சாஞ்சு நாலு பித்தளைத் தாம்பாளம் நசுங்கிப்போச்சு. மொதலாளி என்னைத் திட்டுவாருங்கிற ஆத்திரத்துல என் வாயில இருந்து முழுப்பேரு வந்துருச்சு. பய அப்படியே சுத்தி விழுந்தான், வலது காதுல இருந்து ரத்தம் கோடு போட்டு எறங்குச்சு. பவுன்தாய் மெஷின நிறுத்திட்டு வந்தா, முந்தானையால காதத் தொடச்சா, பிள்ளையத் தூக்கி ஸ்டூல் பக்கத்துல உக்கார வச்சா, பாதி வெட்டியிருந்த பேர மீதியையும் வெட்டி முடிச்சா. என்ன ஒரு வார்த்த கேக்கல, கேட்டிருந்தா நல்லா இருந்திருக்கும். அவனுக்கு அந்தக் காது அப்பறம் கேக்கவே இல்ல.

இப்படியே ஆறு வருசம் ஓடுச்சு. ரோஷிணி பத்தாவதுக்கு வந்தா. பரீட்சைக்குப் போற பேர்ப்பட்டியல் கார்த்திகைக் கடைசியில மேல போகும், போனபடிதான் சர்டிபிகேட் வரும், அதுல ஏறுன இனிஷியல் சாகுற வரைக்கும் கூட வரும், இன்டர்வியூவுல கூப்பிடுவான், கல்யாணத்துல மைக்குல கூப்பிடுவான், பிரசவ ஆஸ்பத்திரியில கூப்பிடுவான், அங்க எல்லாம் சீட்டுல எழுதிக் காட்ட நம்ம நர்சம்மா இருக்க மாட்டாகன்னு பவுன்தாய் எங்கிட்டச் சொன்னா. சின்னவனுக்கு மிச்சம் ஒரு காதுதான் இருக்குன்னும் சொன்னா. அன்னைக்கே அரசிதழ்ல பேரு மாத்துற மனு ஒண்ணு எழுதுனா. பிள்ளைக இனிஷியல் கொ வேண்டாம், எம் பேருல இருந்து ப போதும்னு எழுதுனா.

ரோஷிணியையும் கூட்டிக்கிட்டுப் போனா, நானும் கூடப் போனேன், பாவத்தக் கழுவலாம்னு ஒரு நெனப்பு. தாலுகா ஆபீஸ் கிளார்க்கு வெளியூரு, ஒண்ணும் தெரியாது, மனுவக் கையில வாங்குன ஒடனே சத்தமா வாசிச்சாரு. வேண்டாம் சார்னு நாங்க கையத் தூக்குறதுக்குள்ள விழுந்துருச்சு. ரோஷிணி மூக்குல இருந்து ரத்தம் கொட்டி மனு நனைஞ்சு போச்சு. கிளார்க்கு ஒரு நிமிசம் பேயறஞ்ச மாதிரி உக்காந்திருந்தாரு, அப்பறம் பழகிட்டாரு, கறை பட்ட மனு செல்லாது, வேற எழுதிட்டு வாங்கன்னாரு. வேற எழுதிக் குடுத்தோம். பதினெட்டு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைக்குத் தகப்பன் உயிரோட இருந்தா அவரு கையெழுத்து வேணும்மா, அது இல்லாம ஒண்ணும் நகராதுன்னாரு. அடிக்கிறவனே அவன்தான் சார்னு பவுன்தாய் சொன்னா. அதுக்குத் தனிப் பிரிவு, அது போலீஸ் ஸ்டேசன்லன்னு அவரு கை காட்டுனாரு. ஸ்டேசன்ல, சம்பவம் நடக்கும்போது எதிரி எங்க இருந்தாருன்னு கேட்டாங்க. பஜ்ஜி தின்னுக்கிட்டு இருந்தாருன்னு எப்படிச் சொல்றது?

பவுன்தாய் பட்டறைக்குப் போய்க் கொம்பையாகிட்டக் கையெழுத்துக் கேட்டா. அவன் சிரிச்சான். நான் பெத்ததுகளுக்கு எம் பேரு இல்லாம யாரு பேரு இருக்கும், ஊரு சிரிக்காதா, நான் என்ன செத்தா போயிட்டேன்னு கேட்டான். அதுகளே வந்து எங்கிட்டக் கேக்கட்டும்னான். பிள்ளைகள அனுப்புறதும் ஒண்ணுதான், சம்மட்டிக்கு அடியில வைக்கிறதும் ஒண்ணுதான்னு அவளுக்குத் தெரியும், திரும்பி வந்துட்டா.

மறுநா ஞாயித்துக்கெழம, விடிஞ்சதும் எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னா, இடுப்புல அந்தக் கல்யாண அண்டா. "அண்ணே, இந்தப் பள்ளத்தப் பாருங்க"ன்னா. அண்டாவோட தோள்ல அவளே வெட்டுன எழுத்து, வீ. கொம்பையா – பவுன்தாய்னு இருந்துச்சு. பவுன்தாய்ங்கிற எடம் வழவழன்னு இருக்கு, அவன் பேரு இருக்கிற எடத்துல மட்டும் பள்ளம் பள்ளமா இருக்கு. தூக்கும்போது எறக்கும்போது பட்டிருக்கும்னு இத்தன வருசம் புளி போட்டுத் தேச்சிருக்கா. எனக்குச் சுருக்குன்னுச்சு. அவ கல்யாணத்தன்னைக்கு, மணமகன் வீ. கொம்பையாவை மணமேடைக்கு அழைக்கிறோம்னு மைக்குல சொன்ன ஒடனே மாப்பிள்ள மொகத்தத் திருப்பிக்கிட்டான், ஒதட்டுல ரத்தம், நாக்கக் கடிச்சுக்கிட்டான்னு பேசிக்கிட்டோம். சீர் வரிசையில இந்த அண்டா டங்குன்னுச்சு, பூனை தட்டியிருக்கும்னு நான்தான் சொன்னேன். வீரணன், அதான் அவன் அப்பன், அதுக்கு அஞ்சு வருசத்துக்கு முன்னாடியே செத்துட்டான். உசுரோட இருந்த காலத்துல மகனத் தென்னமரத்துல கட்டி வச்சு அடிப்பான், அந்தச் சத்தம் கேட்டுத்தான் எங்க தெருவுல பசங்க எந்திரிச்சுப் படிப்போம்.

அவ அண்டாவ எடுத்துக்கிட்டு நேரா பட்டறைக்கு நடந்தா, நான் பின்னாலயே ஓடுனேன். ஞாயித்துக்கெழமையிலும் ஏழெட்டு ஆளு வேல பாத்துக்கிட்டு இருந்தாங்க. அண்டாவத் தரையில வச்சா, மனுவையும் பேனாவையும் அது மேல வச்சா, கையெழுத்துப் போடுங்கன்னா. அவன் சம்மட்டியக் கீழ வைக்காமயே, போடி வேலையப் பாத்துக்கிட்டுன்னான்.

"வீ. கொம்பையா."

அடி விழுறதுக்கு முன்னாடியே அவன் மொகத்தத் திருப்பிட்டான். அதத்தான் என்னால இன்னைக்கும் மறக்க முடியல. அத்தன பெரிய மனுசன், கழுத்துச் சதை எருமைக்கு இருக்கிற மாதிரி இருக்கிறவன், சின்னப் பய மாதிரி தோளுக்குள்ள தலைய இழுத்துக் கண்ண இறுக்கி மூடிட்டான். விழுந்துச்சு. அண்டா டங்குன்னுச்சு. கையில இருந்த சம்மட்டி நழுவி அவன் கால்ல விழுந்துச்சு. பட்டறையில அத்தன சத்தமும் நின்னுபோச்சு.

அவ மறுபடி கூப்பிட்டா, பல்லு ஒண்ணு தெறிச்சு டயர்ல பட்டுச்சு. மறுபடி கூப்பிட்டா, முட்டி போட்டுட்டான். மறுபடி கூப்பிட்டா, வெறுங்கை அடி போயி பெல்ட்டு அடி விழுந்துச்சு, முதுகுல சட்ட கிழிஞ்சுச்சு, வீரணன் பெல்ட்டாலயும் அடிப்பான்னு பெரியவுக சொல்லிக் கேட்டிருக்கேன். போதும் பவுனுன்னு நான் கையப் புடிச்சேன், என்ன ஒதறிவிட்டா. அவ மொகத்த நான் அப்படிப் பாத்ததே இல்ல, அழுகவும் இல்ல, கோபமும் இல்ல, பேரு வெட்டும்போது எப்படி ஒரே பார்வையா இருப்பாளோ அப்படி இருந்தா. அஞ்சாவது தடவையும் கூப்பிட்டா.

"கூப்பிடாத தாயி"ன்னு தரையில கெடந்தபடி சொன்னான். "எங்கய்யா செத்து இருவது வருசமாச்சு. இன்னும் அந்தாளு கை ஓயல."

"உங்க கையும் ஓயாது. அதான் கேக்குறேன்."

மனுவுல ரத்தமும் கிரீஸும் பட்டுராம, அவ முந்தானையில அவன் வெரலத் தொடச்சுவிட்டா. கையெழுத்துப் போட்டான்.

பவுன்தாய் நேரா பஜாருக்குத்தான் நடந்தா. கடை பூட்டியிருந்துச்சு, தொறக்கச் சொன்னா. புது டம்ளர் ஒண்ண எடுத்து மெஷினப் போட்டு ப. ரோஷிணின்னு வெட்டுனா, பெஞ்சுல வச்சா, கூப்பிடுங்கண்ணேன்னா. முகிலனக் கூப்பிட்ட அந்த ஒரு தடவயத் தவிர, ஆறு வருசமா எந்தப் பேரையும் முழுசாச் சொல்லி எனக்குப் பழக்கம் இல்ல. ஏன் பவுனு, அதான் ஒம் பேரு ஆச்சே, நீ பிள்ளைகள அதட்டுனதுகூட இல்லையேன்னேன். கூப்பிடுங்கன்னா. கூப்பிட்டேன். டம்ளர் டிக்குன்னுச்சு. எடுத்துத் திருப்பிப் பாத்தோம், ப பக்கத்துல கட்டவெரல் அளவுக்கு ஒரு பள்ளம்.

அப்பத்தான் உக்காந்து அழுதா. ஆறு வருசத்துல நான் பாத்த அழுக அது ஒண்ணுதான். "அஞ்சு தடவ கூப்பிட்டேன்லண்ணே. என் கையும் பழகிருச்சு"ன்னா. கட்டவெரல் அளவுதானன்னு நான் மடையன் மாதிரி சொன்னேன். என் ஆயுசுல கட்டவெரல் அளவு, எம் பேரன் காலத்துல எவ்வளவு இருக்குமோன்னு கேட்டா.

பேர்ப்பட்டியல் போறதுக்கு நாலு நாள்தான் இருந்துச்சு. பிள்ளைக ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டுப் போய், இனிஷியலே இல்லாமப் போடலாமான்னு தாலுகா ஆபீஸ்ல கேட்டோம். அந்தக் கட்டம் காலியா இருந்தா மனுவ மேல வாங்க மாட்டாங்க, ஏதாவது ஒரு எழுத்து வேணும், அது வீட்டு ஆளு பேருல இருந்து வரணும்னு கிளார்க்கு சொன்னாரு. அந்த வீட்டுல இருக்கிறதே மூணு பேருதான். பவுன்தாய் பெஞ்சுல தல கவுந்து உக்காந்திருந்தா. ரோஷிணிதான் அப்பன் கையெழுத்துப் போட்ட மனுவ இழுத்து, அதுல இருந்த ப-வ அடிச்சா.

"எனக்கு மு போடுங்க. இவனுக்கு ரோ போடுங்க."

தம்பி பேரு அக்காவுக்கு இனிஷியலா, அக்கா பேரு தம்பிக்கு இனிஷியலா, ஒலகத்துல எங்கயாவது உண்டான்னு கிளார்க்கு கேட்டாரு. வீட்டு ஆளுதான சார்னு ரோஷிணி கேட்டா. அவரு விதிப் புத்தகத்தப் பொரட்டிப் பொரட்டிப் பாத்தாரு, கூடாதுன்னு எங்கயும் எழுதல, ஏன்னா எவனுக்கும் அப்படித் தோணுனதில்ல. முத்திரையக் குத்திட்டாரு. அவரு இந்தத் தடவ ஒரு எழுத்தக்கூட வாய்விட்டு வாசிக்கல, அத நான் சொல்லியாகணும்.

முத்திர விழுந்த மனுவக் காட்டிப் பேர்ப்பட்டியல்ல புதுப் பேர ஏத்திட்டோம், ஆனா அரசிதழ் வர்றதுக்குள்ள தை பொறந்துருச்சு. பழைய பேரும் புதுப் பேரும் பக்கத்துப் பக்கத்துல அச்சாகி வந்துச்சு. டீக்கடையில பேப்பர் வந்தா ஊருக்கே சத்தமா வாசிக்கிற பரமானந்தம் அதையும் கையில எடுத்தாரு. அந்த வரிக்கு வந்தாரு, கொ-ன்னு ஆரம்பிச்ச வாயப் பொத்திக்கிட்டு, பேப்பர மடிச்சு வேட்டியில சொருகிட்டு எந்திரிச்சுப் போனாரு. ஆறு வருசம் கழிச்சு எங்க ஊருக்கு வந்த மொத நல்ல புத்தி அது, அதுக்கும் ஒரு மனுசன் தன் வாயத் தானே பொத்த வேண்டியிருந்துச்சு.

மறுநா காலையில பள்ளிக்கூடத்துச் சுத்துச்சுவர் ஓரமா ஊரே நின்னுச்சு. குழாயடிச் சண்டக்காரியும் நின்னா, கோலிப் பயலுகளும் நின்னானுக, தெக்குக் கடைசியில தலைய மூடித் துண்டு போட்டு ஒருத்தன் நின்னான், யாருன்னு தெரிஞ்சும் யாரும் கேக்கல. பவுன்தாய் வரல. மெஷின் சத்தம் மட்டும் பஜார்ல இருந்து கேட்டுக்கிட்டே இருந்துச்சு.

ஞானதுரை சாரு பதிவ விரிச்சாரு. ஜன்னல் வழியா நாங்க பாத்துக்கிட்டு இருந்தோம். ரெண்டு தடவ தண்ணி குடிச்சாரு. அப்பறம் "மு. ரோஷிணி"ன்னாரு.

பிள்ளை எந்திரிச்சா. எந்திரிக்கும்போதே கன்னத்தத் திருப்பி, தோளத் தூக்கி, கண்ண இறுக்கி மூடுனா, பட்டறையில அவ அப்பன் மூடுனானே அதே மாதிரி. தெக்குக் கடைசியில துண்டு போட்டவன் மண்ணுல உக்காந்துட்டான்.

கன்னத்துல ஒண்ணும் விழல. தலையில நங்குன்னு ஒரு கொட்டு விழுந்துச்சு. வெரல மடக்கி, கணுவால, இட்லிக்குச் சட்னி தராத அக்காவத் தம்பி கொட்டுற கொட்டு. அவ கண்ண முழிச்சா, தலையத் தடவுனா, அப்படியே திரும்பி வராண்டாவுக்கு அந்தப் பக்கம் எட்டாங் கிளாஸப் பாத்து, "டேய்"னு ஒரு கத்துக் கத்துனா. நான் ஒண்ணும் பண்ணலயேன்னு அங்க இருந்து பதில் வந்துச்சு. வந்த வேகத்துல அங்கயும் டீச்சரம்மா ரோ. முகிலன்னு கூப்பிட, ஆ அக்கா விடுன்னு அவன் அலறுற சத்தம் கேட்டுச்சு. கேக்காத அந்த வலது காத யாரோ புடிச்சுத் திருகுனாங்களாம்.

பஜார்ல மெஷின் சத்தம் நின்னுச்சு. ரோஷிணி தலையத் தடவிக்கிட்டே நின்னா, ஒக்காரும்மான்னு சாரு சொன்னாரு, அவ உக்காரல.

"சார், இன்னொரு தடவ கூப்பிடுங்க."

அவரு கண்ணாடியக் கழட்டித் தொடச்சு மாட்டிக்கிட்டு, இன்னொரு தடவ கூப்பிட்டாரு.